தாகம் தீராத நாய்!

தண்ணீர்ச் சட்டியை மறைக்காதீர்கள். அது சேட்டை அல்ல, நோயாக இருக்கலாம்

சித்திரை மாதம். கத்தரி வெயில் கொளுத்துகிறது. திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கிரிவலப் பாதை போகிறது. மலைக்கு மேற்குப் பக்கத்தில், அந்தப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை.

அங்கே ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக் கொண்டு வருகிறது. தொட்டித் தண்ணீரை மளமளவென்று குடிக்கிறது. நிழலைத் தேடிப் போய்ப் படுக்கிறது.

இதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வெயிலுக்குத் தாகம் எடுக்கும். மனிதனுக்கும் எடுக்கும், நாய்க்கும் எடுக்கும்.

இப்போது மார்கழி மாதத்தை எண்ணிப் பாருங்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் அடி அண்ணாமலை என்பார்கள். அவருக்கு அங்கே கோவிலும் உண்டு. மார்கழி விடியற்காலையில் மலையின் தலையே தெரியாதபடி பனி மூடியிருக்கிறது. போர்வையை விட்டு எழுந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் குளிரிலும் ஒரு நாய் தண்ணீர்ச் சட்டியை நக்கிக் கொண்டே இருக்கிறது. சட்டி காலியாகி விட்டது. குழாயடிக்கு ஓடுகிறது. அங்கே தேங்கிய அழுக்கு நீரையும் குடிக்கிறது. வெளியே போகிறது. குடம் கவிழ்ந்தது போலச் சிறுநீர் கழிக்கிறது. திரும்பி வந்து மறுபடியும் குடிக்கிறது.

இது எதனால்? இதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நாம் செய்யும் தவறு

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண், வயதான ஆயா. அவர்களோடு ஒரு நாய். பெயர் மணி.

மணி நல்ல நாய். வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது. அப்படிப்பட்ட மணி, ஒரு மாதமாக இரவில் கூடத்தை நனைக்கிறது.

"இன்னைக்கும் பாயெல்லாம் ஈரம் ஆயா" என்கிறாள் பெண்.

"கொழுப்பு ஏறிப் போச்சு. ரெண்டு போடு போட்டா சரியாப் போயிடும்" என்கிறார் அப்பா.

"பாவம்டா, வாயில்லாத ஜீவன். அடிக்காதே" என்கிறாள் ஆயா.

அப்பா அடிக்கவில்லை. ஆனால் ஒரு யோசனை செய்தார். தண்ணீர் குடிப்பதால்தானே நனைக்கிறது? தண்ணீரையே நிறுத்தி விட்டால்? மாலை ஆறு மணிக்கு மேல் சட்டியை எடுத்துப் பரண் மேல் வைத்து விட்டார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. சில நோய்களில் நாய் குடிப்பதால் சிறுநீர் போவதில்லை. சிறுநீர் போய்விடுவதால்தான் குடிக்கிறது! உடம்பிலுள்ள நீர் ஓட்டைப் பானையில் இருப்பது போல ஒழுகிக் கொண்டே இருக்கும். ஒழுகுவதை ஈடுகட்ட அது குடித்தே ஆக வேண்டும்.

தண்ணீரை நிறுத்தினால் ஒழுகுவது நிற்காது. உடம்புதான் வற்றிப் போகும். இரத்தத்தில் உப்பின் அளவு ஏறும். நாய் சோர்ந்து படுக்கும், தள்ளாடும், நினைவு மங்கும், வலிப்பு வரும். உயிரே போய்விடலாம். ஒரே இரவில்கூட நிலைமை மோசமாகி விடும்.

அந்தப் பரண் மேல் இருப்பது வெறும் சட்டி அல்ல. மணியின் உயிர்!

சர்க்கரை இல்லாத நீரிழிவு

நீரிழிவு என்றதும் நமக்குச் சர்க்கரை வியாதிதான் நினைவுக்கு வரும். ஆனால் சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நீரிழிவும் உண்டு. டாக்டர்கள் அதை 'டயாபெடிஸ் இன்சிபிடஸ்' என்கிறார்கள். 'டயாபெடிஸ்' கிரேக்கச் சொல். ஊடே ஓடிப் போவது என்று பொருள். 'இன்சிபிடஸ்' லத்தீன் சொல். சுவை இல்லாதது என்று பொருள்.

சுவை எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் இரத்தப் பரிசோதனை கிடையாது. சிறுநீரைச் சுவைத்துப் பார்த்துக்கூட வைத்தியர்கள் நோயைக் கண்டார்கள்! சிறுநீரில் எறும்பு மொய்த்தால் அது இனிப்பு நீர் என்று நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற டாக்டர், 17-ம் நூற்றாண்டில், நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதினார்.

ஆனால் சிலருடைய சிறுநீர் இனிக்கவில்லை. பச்சைத் தண்ணீர் போலவே இருந்தது. 1794-ம் ஆண்டில் ஜெர்மானிய டாக்டர் ஜோஹன் பீட்டர் ஃபிராங்க் இந்த இரண்டையும் தனித்தனி நோய்கள் என்று பிரித்துக் காட்டினார். இனிப்புள்ளது ஒன்று. இனிப்பில்லாதது மற்றொன்று.

இனிப்பில்லாத நீரிழிவு மனிதருக்கு வரும். நாய்க்கு வரும். பூனைக்கும் வரும். அரிதாகத்தான் வரும். ஆனால் வந்து விட்டால், அதை அறியாத வீட்டில் அந்தப் பிராணி படும் பாடு சொல்லி முடியாது.

ஏரியும் மதகும்

இந்த நோய் எப்படி உண்டாகிறது? நம் ஊர் ஏரியை வைத்தே புரிந்து கொள்ளலாம்.

சிறுநீரகம் இரத்தத்தை ஓயாமல் வடிகட்டுகிறது. ஒரு மனிதனின் சிறுநீரகங்கள் நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அவ்வளவும் வெளியே போனால் என்ன ஆவது? போவதில்லை. அநேகமாக எல்லாமே இரத்தத்துக்குத் திரும்பி விடுகிறது. ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராகப் போகிறது. நாய்க்கும் பூனைக்கும் இதே ஏற்பாடுதான். அளவுதான் குறைவு.

வடிகட்டிய நீர் சிறு சிறு வாய்க்கால்களில் ஓடுகிறது. வழியிலேயே பெரும்பகுதி திரும்பி விடும். மிச்ச நீர் கடைசி வாய்க்காலுக்கு வரும். அங்கே ஒரு மதகு உண்டு. மதகு திறந்தால் நீர் ஏரிக்கே, அதாவது இரத்தத்துக்கே, திரும்பும். மூடியிருந்தால் நேரே சிறுநீர்ப் பைக்கு ஓடிப் போகும்.

மதகைத் திறக்க உத்தரவு போடுவது யார்? மூளை! மூளையின் அடிப்பகுதியில் ஒரு ஹார்மோன் உண்டாகிறது. அது பட்டாணி போன்ற பிட்யூட்டரி சுரப்பியில் சேமித்து வைக்கப்படுகிறது. உடம்பில் நீர் குறைந்தால் மூளைக்குத் தெரிந்து விடும். உடனே அந்த ஹார்மோனை இரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்துக்குப் போய், 'நீர் வீணாகிறது. மதகைத் திற' என்று சொல்லும். இந்த ஹார்மோனுக்கு 'வாசோபிரசின்' என்று பெயர்.

இந்த ஏற்பாடு இரண்டு விதமாகக் கெடலாம்.

ஒன்று, உத்தரவு போடுபவர் இல்லை. மூளையில் ஹார்மோன் சுரப்பதில்லை. அல்லது மிகக் குறைவாகச் சுரக்கிறது. வண்டியில் அடிபட்டோ, மாடியிலிருந்து விழுந்தோ தலையில் காயம் பட்டால் இப்படி ஆகலாம். மூளையில் கட்டி வந்தாலும் ஆகலாம். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே இருக்கும். சில சமயம் காரணமே தெரியாது.

இரண்டு, உத்தரவு வருகிறது. ஆனால் மதகுக்காரருக்குக் காது கேட்கவில்லை. ஹார்மோன் இருக்கிறது. சிறுநீரகம் அதற்குக் கீழ்ப்படிவதில்லை. பிறவியிலேயே இப்படி இருப்பது மிக மிக அரிது. பெரும்பாலும் வேறு ஒரு நோய் வந்து சிறுநீரகத்தின் காதை அடைத்து விடுகிறது. பெண் நாயின் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறுவது, பொட்டாசியம் குறைவது ஆகியவை அத்தகைய காரணங்கள்.

நாய் தந்த மருந்து

இந்த நோய்களை மனிதன் எப்படி அறிந்தான்? அதிலே நாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

1889-ம் ஆண்டு. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு நாயின் கணையத்தை எடுத்து விட்டார்கள். அது பழக்கப்பட்ட நாய். ஆனால் அதன் பிறகு ஆய்வுக்கூடத் தரையை அடிக்கடி நனைத்தது. மின்கோவ்ஸ்கி அந்தச் சிறுநீரைச் சோதித்தார். அதில் சர்க்கரை! சர்க்கரை வியாதிக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அன்று வெளியாயிற்று.

அதே வழியில் 1921-ம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் நாய்களைக் கொண்டே இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த மருந்து முதன்முதலாகப் போடப்பட்டது. இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் இன்சுலினால் உயிர் வாழ்கிறார்கள்!

இனிப்பில்லாத நீரிழிவின் கதையும் இப்படித்தான். 1913-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஒருவரும் இத்தாலியில் ஒருவரும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். ஆறாய் ஓடிய சிறுநீர் குறைந்தது. நோயின் மூலம் தலையில் இருக்கிறது என்று தெரிந்தது.

மூளைக்கு நீர்க்குறைவு எப்படித் தெரிகிறது? கேம்பிரிட்ஜ் நகரில் வெர்னி என்ற விஞ்ஞானி நாய்களை வைத்து ஆராய்ந்தார். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். சிறுநீர் குறைந்தது. இரத்தத்தில் உப்பு ஏறுவதை மூளை உணர்ந்து கொள்கிறது என்று 1947-ம் ஆண்டில் எழுதினார்.

பிறகு அமெரிக்காவில் டு விக்னோ என்ற வேதியியலாளர் அந்த ஹார்மோனின் அமைப்பைக் கண்டு, அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1955-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-களில் பிராக் நகர வேதியியலாளர்கள் அந்த ஹார்மோனைச் சற்று மாற்றி, நெடுநேரம் வேலை செய்யும் மருந்தைச் செய்தார்கள். அதன் பெயர் 'டெஸ்மோபிரசின்'. இன்றும் இந்த நோய்க்கு அதுவே முக்கிய மருந்து.

நாய்கள் தந்த அறிவு மனிதனைக் காப்பாற்றியது. அந்த மருந்தே இப்போது நாயையும் காப்பாற்றுகிறது. கடன் திரும்புகிறது!

வீட்டிலேயே அளக்கலாம்

உங்கள் நாயோ பூனையோ அதிகம் தண்ணீர் குடிக்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்து பார்க்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் போதும்.

முதலில் எடை. நாயைத் தூக்கிக் கொண்டு எடை மேடையில் நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாயின் எடை.

அடுத்து, காலையில் அளந்து ஊற்றுங்கள். சட்டி காலியாகும் முன்பே மறுபடி அளந்து ஊற்றுங்கள். எத்தனை முறை ஊற்றினீர்கள் என்று சுவரில் கோடு போட்டாலும் சரி, பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொன்னாலும் சரி. மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்து விடுங்கள். வாளி, தொட்டி, குழாயடி எல்லாவற்றையும் மூடி வையுங்கள். இரண்டு பிராணிகள் இருந்தால் தனித்தனியே வைத்து அளக்க வேண்டும். மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள்.

கணக்கு இதுதான். 10 கிலோ எடையுள்ள நாய் சாதாரணமாக ஒரு நாளைக்கு அரை லிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். ஒரு லிட்டருக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 20 கிலோ நாய் என்றால் இரண்டு லிட்டருக்கு மேல். 4 கிலோ எடையுள்ள பூனை 200 மில்லி லிட்டருக்கு மேல் குடித்தால், அதுவும் அதிகம்தான்.

கத்தரி வெயிலில் கூடுதலாகக் குடிக்கும். கருவாடு போன்ற உப்புத் தீனி தின்றாலும் குடிக்கும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயும் குடிக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது வேறு; ஒவ்வொரு முறையும் நிறையப் போவது வேறு. சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்ப் பையில் கோளாறு இருக்கலாம். அதிலும் ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராவிட்டால், அது அடைப்பு. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வேறு நோய்களும் உண்டு

தாகம் அதிகம் என்றதும் இனிப்பில்லாத நீரிழிவுதான் என்று முடிவு கட்டி விடாதீர்கள். அது அரிது. அதைவிட அதிகமாக வரும் நோய்கள் பல உண்டு.

வயதான நாய்க்கும் பூனைக்கும் சிறுநீரகம் கெட்டால் தாகம் எடுக்கும். சர்க்கரை வியாதி வந்தாலும் எடுக்கும். அப்போது நன்றாகத் தின்றும் உடம்பு இளைக்கும். வயதான பூனைக்குத் தைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்தாலும் இப்படி ஆகும். நாய்க்கு அட்ரினல் சுரப்பிக் கோளாறு வந்தால் தாகத்தோடு வயிறு தொங்கும்; மயிர் உதிரும். கல்லீரல் நோயிலும் தாகம் உண்டு.

கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பருவம் வந்து சில வாரங்கள் கழித்து நாய் சோர்ந்து, தீனி எடுக்காமல், தண்ணீராகக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சில சமயம் பின்புறம் சீழ் வடியும். சில சமயம் ஒன்றும் தெரியாது. இது உயிருக்கு ஆபத்து. உடனே ஆபரேஷன் தேவைப்படும்.

சில மருந்துகளாலும் தாகம் வரும். சொறிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து, வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இப்படிச் செய்யும். அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்?

காலையில் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்துச் சீசாவில் கொண்டு போங்கள். நாய் காலைத் தூக்கும்போது ஒரு கரண்டியை நீட்டினாலே போதும். அந்தக் கரண்டியை அதற்கென்றே தனியாக வைத்துக் கொள்ளுங்கள்!

டாக்டர் சிறுநீர் எவ்வளவு கனம் என்று ஒரு சிறு கருவியில் பார்ப்பார். தண்ணீரின் கனம் 1.000 என்று வைத்துக் கொண்டால், இந்த நோயில் சிறுநீர் பெரும்பாலும் 1.008-க்குக் கீழே இருக்கும். அதாவது கிட்டத்தட்டத் தண்ணீர்தான். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்ப்பார். பிறகு இரத்தப் பரிசோதனை. வேண்டுமானால் வயிற்றை ஸ்கேன் செய்வார். மற்ற நோய்களையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இந்த நோய்க்கு வருவார்.

கடைசியாக, டெஸ்மோபிரசின் மருந்தைச் சில நாள் கொடுத்துப் பார்ப்பார். தாகமும் சிறுநீரும் நன்றாகக் குறைந்தால் மூளையில் ஹார்மோன் சுரக்கவில்லை என்று தெரிந்து விடும். குறையாவிட்டால் சிறுநீரகத்தின் காதுதான் மந்தம்.

தண்ணீரை நிறுத்தி வைத்துப் பார்க்கும் ஒரு சோதனையும் உண்டு. அதை ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்திலேயே இருந்து, அடிக்கடி எடை பார்த்துத்தான் செய்வார்கள். அதுவே ஆபத்து நிறைந்தது என்று பல டாக்டர்கள் தவிர்க்கிறார்கள். ஆகவே அதை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.

எங்கே காட்டுவது? உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசுக் கால்நடை ஆஸ்பத்திரியில் மாடு, ஆட்டுக்கு மட்டும் அல்ல, நாய், பூனைக்கும் வைத்தியம் உண்டு. பெரிய பரிசோதனை வேண்டுமானால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி அது. 1989-ம் ஆண்டு முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் அதே 1989-ம் ஆண்டில்தான்.

கண்ணில் விடும் சொட்டு

வைத்தியம் என்ன?

ஹார்மோன் சுரக்காத நோய்க்கு டெஸ்மோபிரசின். மனிதர்கள் மூக்கில் விடும் அதே சொட்டு மருந்து. நாய் மூக்கில் விட்டால் தும்மித் தள்ளி விடும். ஆகவே கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து, அங்கே விடச் சொல்வார்கள். அங்கிருந்து மருந்து உடம்பில் சேரும். மாத்திரையும் உண்டு. எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்பதை டாக்டர் சொல்வார். பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கும். தலையில் அடிபட்டதால் வந்த நோய் சில சமயம் சில வாரங்களில் தானாகவே சரியாவதும் உண்டு. மூளையில் கட்டி இருந்தால் குணமாவது கஷ்டம்.

இந்த மருந்தில் ஓர் எச்சரிக்கை. அளவு கூடினால் மதகு திறந்தபடியே இருக்கும். குடித்த நீரெல்லாம் உடம்பிலேயே தங்கி, இரத்தத்தில் உப்பு குறைந்து விடும். வாந்தி, மந்தம், தள்ளாட்டம், வலிப்பு வரும். அப்படிக் கண்டால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

சிறுநீரகம் கேட்காத நோய்க்கு, அதன் மூல நோயைத்தான் குணப்படுத்த வேண்டும். சீழை எடுத்தால், இரத்தத்தில் ஏறிய சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால், தாகமும் குறையும். பிறவி நோயாக இருந்தால் உப்பைக் குறைத்த தீனி கொடுப்பார்கள். சிறுநீரைப் பெருக்கும் ஒரு வகை மாத்திரையும் கொடுப்பார்கள். விந்தை என்னவென்றால், மற்றவர்களுக்குச் சிறுநீரைப் பெருக்கும் அந்த மாத்திரை, இந்த நோயில் சிறுநீரைக் குறைக்கிறது!

'மருந்து விலை அதிகம். எங்களால் வாங்க முடியாதே' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஓர் ஆறுதல். மூளையில் கட்டி போன்ற வேறு கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லி விட்டால், மருந்து இல்லாமலும் அந்தப் பிராணி வாழலாம். ஒரே நிபந்தனைதான். இரவும் பகலும் அதற்கு எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். படுக்கையைக் கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். கழுவ எளிதான தரையாகப் பாருங்கள். இரவில் ஒரு முறை வெளியே விடுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் சொல்லுங்கள்.

அறியாமல் நெடுநேரம் தண்ணீரை நிறுத்தி விட்டீர்களா? நாய் சோர்ந்து கிடக்கிறதா? அப்போது பெரிய சட்டி நிறைய ஒரே மூச்சில் குடிக்க விடக் கூடாது. சிறிது சிறிதாகக் கொடுத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஆயா சொன்னது சரி

மணியின் வீட்டுக்குத் திரும்புவோம். அன்று இரவு எல்லோரும் தூங்கி விட்டார்கள். அடுக்களைப் பக்கம் ஏதோ சத்தம். பெண் எழுந்து போய்ப் பார்த்தாள். பாத்திரம் கழுவிய அழுக்கு நீரை மணி நக்கிக் கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் வாலை ஒடுக்கிக் கொண்டு மூலையில் ஒண்டியது.

"ஆயா, இதுக்குச் சேட்டை இல்லே. இதுக்குத் தாகம்" என்று அவள் அழுதாள்.

அப்பா எழுந்தார். ஒன்றும் பேசவில்லை. பரண் மேலிருந்து சட்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார். விடிந்ததும் மணியைத் தூக்கிக் கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

நம் கதையில் அப்பா புறப்பட்டு விட்டார். நிஜத்தில் எத்தனை வீடுகளில் புறப்படுகிறார்கள்? 'வீட்டை அசிங்கம் செய்கிறது' என்று எத்தனை நாய்கள் தெருவில் விடப்படுகின்றன? தெருவில் விட்ட நோயாளி நாய்க்குத் தண்ணீர் வைப்பவர் யார்?

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ரமணாசிரமத்தில் ஒரு காட்சியைக் காணலாம். லட்சுமி என்ற பசுவுக்கு அங்கே சமாதி இருக்கிறது. அந்தப் பசு 1948-ம் ஆண்டில் இறந்தது. பக்கத்திலேயே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. ரமணர் நாய்களை 'அது, இது' என்று பேசுவதில்லை. 'பையன்' என்பார், பெயர் சொல்லி அழைப்பார். ஜாக்கி நோயில் படுத்தபோது அருகில் வைத்துப் பார்த்துக் கொண்டார்.

நாம் சமாதி கட்ட வேண்டாம். உயிரோடு இருக்கும்போது ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் போதும். அது காலியாகும் வேகத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும்.

வாயில்லாத ஜீவன் தன் நோயை வேறு எப்படிச் சொல்லும்? காலியான தண்ணீர்ச் சட்டிதான் அது நமக்கு எழுதும் கடிதம். அந்தக் கடிதத்தைப் படியுங்கள்!